‘விதிமீறல் இல்லை’ என்று எனக்குப் பதில் எழுதியவர்களுக்கு

தகன நிலையங்களுக்கு உரிமம் வழங்கும் துறையின் அதிகாரிகளுக்கும், புதிய வரைவு விதிகளை எழுதிய குழுவினருக்கும்,

என் அப்பாவின் அஸ்தியில் ஒரு திருகாணி இருந்தது. அப்பாவுக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட அறுவை சிகிச்சை நடந்ததில்லை. இந்த இரண்டு வரிகளைத்தான் 11 மாதங்களில் மூன்று கடிதங்களாக நான் உங்களுக்கு எழுதினேன். போன வாரம் பதில் வந்தது. “நடைமுறையில் உள்ள விதிகளில் அடையாள எண் பராமரிப்பது குறித்து ஏதும் கூறப்படவில்லை. எனவே விதிமீறல் எதுவும் கண்டறியப்படவில்லை. புகார் முடித்துவைக்கப்படுகிறது.”

அதைப் படித்த அன்றே நீங்கள் வெளியிட்ட வரைவு விதிகளையும் எடுத்துப் படித்தேன், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. புகைபோக்கி எத்தனை உயரம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. சுற்றுச்சுவர் பற்றி, வண்டி நிறுத்துமிடம் பற்றி, காத்திருப்போர் அறையில் எத்தனை நாற்காலி போட வேண்டும் என்பது பற்றிக்கூட இருக்கிறது. உடலைப் பற்றி ஒரே ஒரு வரி, ‘உரிய மரியாதையுடன் கையாளப்பட வேண்டும்’. இதுவரை பெயரளவுக்காவது இருந்த ஆண்டு ஆய்வை எடுத்துவிட்டு, நிலையத்தை நடத்துபவரே ஒரு உறுதிமொழிப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் போதும், புகார் வந்தால் மட்டும் அதிகாரிகள் நேரில் போய்ப் பார்ப்பார்கள் என்று மாற்றியிருக்கிறீர்கள். புகார் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இந்த முறை உறைக்குள் போடாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அப்பா இறந்தது மருத்துவமனையில். பிணவறையிலிருந்து உடலைத் தரும்போது கணுக்காலில் ஒரு சீட்டு கட்டியிருந்தது, பெயர், வயது, ஒரு எண். அந்த எண்ணை அக்கா இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். தகன நிலையத்துக்குப் போனதும் அங்கிருந்தவர் அந்தச் சீட்டைக் கத்தரித்து ஓரமாகப் போட்டார். “இனி இது தேவைப்படாது” என்றார், நல்ல விதமாகத்தான் சொன்னார். அப்போது எங்களுக்கும் அது ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை. அப்பா நெருப்புக்குள் போகும் நேரத்தில் காகிதச் சீட்டைப் பற்றி யார் யோசிப்பார்கள்? ஆனால் அந்தக் கத்தரி பட்ட நொடியிலிருந்து, அப்பாவை அப்பா என்று சொல்ல அந்தக் கட்டடத்துக்குள் எதுவுமே இல்லை. அன்று காலை எங்களோடு சேர்த்து மூன்று குடும்பங்கள். இரண்டரை மணி நேரம் கழித்து ஒரு மூடிபோட்ட பானையைக் கொண்டுவந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பானையின் மேல் எண் இல்லை, பெயர் இல்லை. பதிவேட்டில் ஒரு வெற்று வரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நேரம், உலை எண், யார் எடுத்தது, யார் கொடுத்தது, எதற்கும் அந்தப் பக்கத்தில் கட்டமே கிடையாது.

வீட்டில் பானையைத் திறந்தபோது எலும்புத் துண்டுகளுக்கு நடுவில் கறுத்துப்போன உலோகத் துண்டு ஒன்று கிடந்தது. கட்டைவிரலின் மேல்கணு அளவு நீளம். துடைத்துப் பார்த்தால் அடி முதல் நுனி வரை மரை தெளிவாகத் தெரிந்தது. பெட்டியின் ஆணியாக இருக்கும் என்று முதலில் நினைத்தோம், அப்புறம்தான் அப்பாவைப் பெட்டியில் வைக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. தெரிந்த எலும்பு மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், தலைப்பகுதியில் இருந்த அறுகோணக் குழியைக் காட்டினார். இது மரவேலைத் திருகாணி இல்லை, உடைந்த எலும்பைச் சேர்த்து வைக்கத் தகட்டோடு போடுவது என்றார். “உங்கள் அப்பாவுக்குக் காலிலோ கையிலோ முறிவு இருந்ததா?” என்று கேட்டார். இல்லை. அப்பா சாகும்வரை, உடம்பில் கத்தி படாமல் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், அப்படியே போய்ச் சேர்ந்தவர்.

இதற்கு இரண்டு விளக்கங்கள்தான் உண்டு. எங்களுக்கு முன்னால் எரிந்தவரின் மிச்சம் உலையின் இடுக்கில் தங்கி அப்பாவின் அஸ்தியோடு வந்திருக்கலாம். அல்லது அந்தப் பானையில் இருந்தது முழுக்க முழுக்க வேறொருவராக இருக்கலாம். இதில் எது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது, இனி எப்போதும் தெரியப்போவதும் இல்லை. அம்மா அந்தப் பானையைத் தொட்டுத் தொட்டு அழுதிருக்கிறாள். அவள் தொட்டு அழுதது யாரை என்று அவளிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்கள் கடிதத்திலும் இல்லை.

ஒரு மாதம் கழித்து நான் தனியாக அந்த நிலையத்துக்குப் போனேன், சண்டை போட இல்லை, எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள. அன்று பானையைக் கொடுத்தவரே இருந்தார். மறைக்காமல் காட்டினார். உலை தணிந்ததும் நீளமான இரும்புக் கோலால் உள்ளே இருப்பதை முன்பக்கம் இழுத்துத் தட்டில் தள்ள வேண்டும். தரையில் பதித்திருக்கும் தீச்செங்கல் வெப்பத்தில் விரிந்து சுருங்கி, இடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கிறது. அதில் விழுந்தது விழுந்ததுதான். தூரிகையால் கூட்டினால் ஓரளவு வரும். “அடுத்தது வாசலில் காத்திருக்கும்போது எங்கே சார் கூட்டுவது?” என்றார். அவருக்குப் பயிற்சி என்று எதுவும் தரப்படவில்லை, முன்னால் இருந்தவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். முகக்கவசம் அவரே வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், இந்தக் கடிதத்தைக் காரணம் காட்டி யாராவது அவரை வேலையிலிருந்து தூக்கினால் அது எனக்குச் செய்யும் இன்னொரு அநியாயம்.

உங்கள் வரைவு, புகார் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. உணவகத்துக்கோ பேருந்துக்கோ அந்த எண்ணம் ஓரளவு பொருந்தும், சாப்பிட்டவரும் பயணம் செய்தவரும் வாய் திறந்து பேசுவார்கள். இங்கே யாருக்குத் தீங்கு நடக்கிறதோ அவர் இறந்துவிட்டார். குடும்பம் கதவுக்கு வெளியே நிற்கிறது. மிஞ்சுவது சாம்பல், அது தன் பெயரைச் சொல்லாது. உலையில் 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம். அதில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் இருந்தபின் மிஞ்சும் எலும்பிலிருந்து பயன்படும் டி.என்.ஏ. கிடைப்பது அநேகமாக நடக்காத காரியம். பெரியவர் ஒருவரின் அஸ்தி பொதுவாக இரண்டு மூன்று கிலோ வரும், எடை போட்டுப் பார்த்தாலும் ஆளைச் சொல்ல முடியாது. எனக்கு ஒரு திருகாணி கிடைத்ததால்தான் சந்தேகமே வந்தது. எலும்பை அரைத்துப் பொடியாக்கித் தரும் இடமாக இருந்திருந்தால் உலோகத்தை முன்பே பிரித்து எடுத்திருப்பார்கள், எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. என்னைப் போல ஒன்றும் தெரியாமல் பானையை வாங்கிப்போன குடும்பங்கள் எத்தனையோ.

இது என் ஊகம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நோபிள் என்ற இடத்தில் ‘ட்ரை-ஸ்டேட்’ என்ற தகன நிலையத்தின் நிலத்தில் 2002 பிப்ரவரியில் 334 உடல்களைக் கண்டெடுத்தார்கள். எரிக்கச் சொல்லி அனுப்பப்பட்ட உடல்கள். கொட்டகையிலும் மரங்களுக்கு நடுவிலும் கிடந்தன. குடும்பங்களுக்கு அஸ்தி என்று சிமென்ட் பொடியைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பல வருடங்கள் இது நடந்தது. அத்தனை வருடமும் யாரும் ஏன் உள்ளே போய்ப் பார்க்கவில்லை? அந்த நிலையம் பொதுமக்களிடம் நேரடியாகப் பணம் வாங்காமல் ஈமச்சடங்கு நிறுவனங்களிடமிருந்து மட்டும் உடல்களைப் பெற்றதால், அன்றைய மாநிலச் சட்டப்படி உரிமமும் ஆய்வும் அதற்குப் பொருந்தவில்லை. எரிவாயு கொண்டுவந்த ஓட்டுநர் ஒருவர் அங்கே உடல்களைப் பார்த்ததாக அதற்கு முன்பே சொல்லியும் எதுவும் நடக்கவில்லை. கடைசியில் 334-ல் 226 உடல்களைத்தான் யாருடையவை என்று அடையாளம் காண முடிந்தது. நடத்தியவருக்கு 12 ஆண்டு சிறை. வழக்கு வந்தபோதும் குற்றச்சாட்டுகளில் பல, செய்யாத வேலைக்குப் பணம் வாங்கி ஏமாற்றியதாகத்தான் எழுதப்பட்டன. ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில் பிணம் யாருக்கும் சொத்து ஆகாது, அதனால் ஒரு மனிதரின் உடலை இப்படிச் செய்ததை எந்தப் பிரிவில் வைப்பது என்பதே சிக்கலாகிவிடுகிறது. எனக்கு நீங்கள் எழுதிய ‘விதி இல்லை, அதனால் மீறல் இல்லை’ என்ற வாக்கியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அதற்கப்புறமாவது எல்லோரும் கற்றுக்கொண்டார்களா என்றால், அதே நாட்டின் கொலராடோ மாநிலத்தில் 2023 அக்டோபரில் பென்ரோஸ் என்ற ஊரில் ஒரு ஈமச்சடங்கு நிறுவனத்தின் கட்டடத்திலிருந்து துர்நாற்றம் வருகிறது என்று அக்கம்பக்கத்தார் சொன்ன பிறகு உள்ளே போனார்கள். சுமார் 190 உடல்கள், அழுகிய நிலையில், சில 2019-லிருந்தே அங்கே கிடந்தவை. இங்கேயும் சில குடும்பங்களுக்குக் கான்கிரீட் கலவையை அஸ்தி என்று கொடுத்திருந்தார்கள். ஈமச்சடங்கு நடத்துபவர்களுக்கு உரிமம் வேண்டும் என்ற விதியை அந்த மாநிலம் 1983-லேயே கைவிட்டிருந்தது. கட்டுப்பாடு எதற்கு, தொழில் தானாக ஒழுங்காக நடக்கும் என்பதே அன்றைய நியாயம். நாற்பது வருடம் கழித்து, 2024-ல், உரிமத்தையும் வழக்கமான ஆய்வையும் திரும்பக் கொண்டுவரச் சட்டம் போட்டார்கள். நீங்கள் இன்று எடுத்துவிடப் பார்ப்பதைத்தான் அவர்கள் 190 குடும்பங்கள் அழுது முடித்த பிறகு திரும்ப எடுத்து வைத்தார்கள்.

இங்கிலாந்தில் ஹல் நகரத்தில் 2024 மார்ச்சில் ஒரு ஈமச்சடங்கு நிறுவனத்திலிருந்து காவல்துறை 35 உடல்களையும், அஸ்தி என்று கருதப்பட்ட சாம்பலையும் எடுத்தது. அந்தச் சாம்பலிலிருந்து டி.என்.ஏ. மூலம் ஆளை அடையாளம் காண வழியில்லை என்று நிபுணர்கள் சொல்லிவிட்டதைக் குடும்பங்களுக்குத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அந்தச் செய்தியை நான் படித்தது அப்பா இறப்பதற்கு முன்பு. அப்போது பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மோசடிக்காரர்களைப் பற்றி மட்டும் பேசுவதாக நினைக்க வேண்டாம். மோசடி எதுவும் செய்யாத, நல்ல பெயர் எடுத்த இடத்திலும் விதி இல்லாததால் நடந்ததை ஸ்காட்லாந்தில் பாருங்கள். எடின்பரோ நகராட்சியின் மார்ட்டன்ஹால் தகன நிலையத்தில், இறந்து பிறந்த குழந்தைகளையும் பிறந்த சில நாளில் இறந்த குழந்தைகளையும் எரித்தபின், அவ்வளவு சின்ன உடலில் அஸ்தி எதுவும் மிஞ்சாது என்று பெற்றோரிடம் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். பெற்றோரும் நம்பினார்கள். 2012 கடைசியில் உண்மை வெளியே வந்தது. அஸ்தி இருந்திருக்கிறது, பெற்றோருக்குச் சொல்லாமல் அங்கேயே நிலத்தில் புதைத்திருக்கிறார்கள். அதே நகரத்தின் இன்னொரு நிலையம், உலையின் காற்றைக் குறைத்து, தட்டு வைத்து, நிதானமாகச் செய்து பெற்றோரின் கையில் அஸ்தியைக் கொடுத்துக்கொண்டிருந்தது. எது ‘அஸ்தி’ என்பதற்குச் சட்டத்தில் ஒரு விளக்கமே இல்லாததால் ஒவ்வொரு நிலையமும் தனக்குத் தோன்றியதை அஸ்தி என்றது, தோன்றாததை இல்லை என்றது. 2014-ல் விசாரணை அறிக்கைகள் வந்தன, 2016-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அதில் அஸ்தி என்றால் என்ன என்று எழுதினார்கள், உலோகம் தவிர எரிந்தபின் மிஞ்சும் அத்தனையும் அதில் அடங்கும். தகன நிலையங்களுக்கென்று ஆய்வாளர் ஒருவரையும் வைத்தார்கள். பிள்ளையின் அஸ்தியே கிடையாது என்று 20 வருடம், 30 வருடம் நம்பிக்கொண்டிருந்த அம்மாக்களுக்கு அது திரும்பி வரவில்லை.

அப்புறம் நீங்கள் பெரிதாக நம்பும் கையெழுத்து. வரைவில் எங்கே பார்த்தாலும் ‘சான்றளிக்கப்பட வேண்டும்’, ‘உறுதியளிக்க வேண்டும்’ என்றே இருக்கிறது. கையெழுத்துகளுக்குக் குறைவே இல்லாத ஒரு முறையையும் ஒருவர் ஏய்த்திருக்கிறார். இங்கிலாந்தில் 1902 முதலே தகனத்துக்கென்று தனிச் சட்டம் உண்டு, எரித்துவிட்டால் சான்று அழிந்துபோகும் என்பதால் இன்னொரு மருத்துவரும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதும் அங்கே நடைமுறையாக இருந்தது. ஹரால்ட் ஷிப்மன் என்ற மருத்துவர் தன் நோயாளிகளைக் கொன்றதற்காக 2000-ல் தண்டிக்கப்பட்டார், நீதிமன்றத்தில் நிரூபணமானது 15 கொலை, பின்னால் வந்த விசாரணை ஆணையம் 215 பேர் என்று கண்டது. அவர்களில் பலர் தகனம் செய்யப்பட்டவர்கள். இரண்டாவது மருத்துவர்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், உறவினரிடம் நாலு வார்த்தை கேட்டிருந்தாலே உறுத்தியிருக்கும், கேட்கவில்லை. சக மருத்துவர் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடுவது பழகிப்போய்விட்டது. இரண்டாவது ஆளின் கையெழுத்துக்கே அந்த நிலை என்றால், தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் உறுதிமொழிக்கு என்ன மதிப்பு? ஜெர்மனியில் பெரும்பாலும் எரிப்பதற்கு முன் அரசு மருத்துவர் உடலை இரண்டாம் முறை நேரில் பார்க்கிறார். காகிதத்தை இல்லை, உடலைப் பார்க்கிறார்.

அதே ஜெர்மனியில் நான் அறிந்த இன்னொன்றுதான் எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் செய்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வில்லை, தீச்செங்கல் செய்யும் மண்ணில் சுட்டது. அதில் ஒரு எண் பொறித்திருக்கும். உடலோடு அதுவும் உலைக்குள் போகிறது. எரிந்தபின் அஸ்தியோடு வெளியே வருகிறது, கலசத்துக்குள்ளேயே போய்விடுகிறது. பல வருடம் கழித்துத் திறந்தாலும் எண் அப்படியே இருக்கும், பதிவேட்டில் அந்த எண்ணைப் பார்த்தால் யார் என்று தெரியும். வேறு பல நாடுகளில் துருப்பிடிக்காத எஃகில் வட்டமான தகடு வைக்கிறார்கள், வேலை ஒன்றுதான். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம், கணினி வேண்டாம், நிபுணர் குழு வேண்டாம். அப்பாவின் கணுக்காலில் இருந்த சீட்டைக் கத்தரித்தபோது அந்த இடத்தில் இப்படி ஒரு வில்லை இருந்திருந்தால், இன்று நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். திருகாணி கிடைத்திருந்தாலும் கூட, கலப்பு கொஞ்சம் நடந்திருக்கிறது, ஆனால் இது அப்பாதான் என்று அம்மாவிடம் சொல்லியிருப்பேன்.

கலப்பு கொஞ்சம்கூட இருக்கக்கூடாது என்று நான் கேட்கவில்லை, அது முடியாது என்று அந்த வெடிப்பு விட்ட செங்கல்லைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் குடும்பம் கையெழுத்திடும் அனுமதிப் படிவத்திலேயே, முந்தைய தகனத்தின் சிறு துகள் சேர வாய்ப்பு உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். சொன்னால் தாங்கிக்கொள்வோம். பானைக்குள் திருகாணியாகக் கண்டுபிடிப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

உலையருகே வேலை செய்பவர்களைப் பற்றியும் வரைவில் ஒரு சொல் இல்லை. இதயத்துக்குப் பொருத்தும் பேஸ்மேக்கர் கருவியின் மின்கலம் உலை வெப்பத்தில் வெடிக்கும். பிரிட்டனில் 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், கேட்கப்பட்ட தகன நிலையங்களில் ஏறக்குறைய பாதி இப்படிப்பட்ட வெடிப்பைப் பார்த்திருந்தன. எரிப்பதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும் என்பது தெரிந்த விஷயம், ஆனால் யார் எடுப்பது, மருத்துவமனையா, நிலையமா, எடுத்தாயிற்று என்று யார் எழுதித் தருவது? பல்லில் அடைக்கும் வெள்ளிப் பூச்சில் ஏறத்தாழ பாதி எடை பாதரசம், அது ஆவியாகிப் புகையோடு போகிறது. உங்கள் வரைவு புகைபோக்கியை உயர்த்தச் சொல்கிறது, உயர்த்தினால் பாதரசம் கொஞ்சம் தள்ளிப் போய் விழும், அவ்வளவுதான். அமெரிக்காவின் அரிசோனாவில் கதிரியக்க மருந்து செலுத்தப்பட்ட சில நாளில் இறந்த ஒருவரைத் தகனம் செய்தபின் அந்த உலையிலும் கருவிகளிலும் கதிரியக்கம் இருந்தது என்று 2019-ல் மருத்துவ இதழில் வந்தது. எரித்தவர்களுக்கு அவருக்கு என்ன மருந்து போட்டிருந்தார்கள் என்று தெரியாது, சொல்ல வேண்டும் என்று விதி இல்லை. மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

ஆய்வு என்றால் சிறிய நிலையங்கள் தாக்குப்பிடிக்காது, செலவு கூடும், அதை மக்கள்தான் சுமக்க வேண்டும் என்று வரைவின் முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். செலவு கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எண் பொறித்த வில்லைக்கும், கட்டங்கள் உள்ள பதிவேட்டுக்கும், வருடத்தில் ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் வந்து பதிவேட்டையும் குளிர்பதன அறையையும் ஒப்பிட்டு எண்ணிப் பார்க்கும் ஓர் ஆய்வாளருக்கும் ஆகும் செலவை எந்தக் குடும்பமும் மறுக்காது என்று நினைக்கிறேன், அந்தக் காலையில் என்னிடம் கேட்டிருந்தால் கேட்டதைக் கொடுத்திருப்பேன். உள்ளே வந்த உடல் எத்தனை, எரித்தது எத்தனை, மீதி எத்தனை, அறையில் இருப்பது எத்தனை. இந்தக் கூட்டல் கழித்தலை யாராவது ஒருமுறை செய்திருந்தால் ஜார்ஜியாவிலும் கொலராடோவிலும் முதல் வருடத்திலேயே பிடிபட்டிருக்கும்.

இனி நான் கேட்பவை. ஆண்டு ஆய்வை எடுக்கும் பிரிவை வரைவிலிருந்து நீக்குங்கள், அந்த இடத்தில் முன்னறிவிப்பில்லாத ஆய்வு என்று எழுதுங்கள், ஆய்வறிக்கையை யார் கேட்டாலும் பார்க்கும்படி வையுங்கள். பொதுமக்களிடம் நேரடியாகப் பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும், மனித உடலை எரிக்கும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும் என்று ஓட்டை விடாமல் எழுதுங்கள். உடல் வாசலுக்கு வந்ததிலிருந்து அஸ்தி குடும்பத்தின் கைக்குப் போகும்வரை ஒரே எண் கூடவே இருக்க வேண்டும், நெருப்புக்குள்ளும் இருக்க வேண்டும், அதற்கான வில்லையோ தகடோ கட்டாயம் என்று வையுங்கள். குடும்பம் எழுத்தில் கேட்டால் ஒழிய ஒரு உலையில் ஒரு நேரத்தில் ஒரு உடல்தான், ஒன்று முடிந்து உலையைக் கூட்டி எடுத்த பிறகே அடுத்தது. கூட்டுவதற்கான நேரத்தையும் விதியிலேயே எழுதுங்கள், எழுதாவிட்டால் வாசலில் காத்திருக்கும் கூட்டம் அந்த நேரத்தைத் தின்றுவிடும். அஸ்தி என்றால் என்ன என்று விளக்கம் எழுதுங்கள், குழந்தைகளுக்கும் சேர்த்து. உலையில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சியும் பாதுகாப்பும் நிலையத்தின் பொறுப்பு என்று எழுதுங்கள், பேஸ்மேக்கரும் கதிரியக்க மருந்தும் பற்றிய தகவலை உடலை அனுப்பும் மருத்துவமனை எழுத்தில் தர வேண்டும் என்று எழுதுங்கள். குடும்பத்தினர் வாங்காமல் விட்ட அஸ்தியை எத்தனை காலம், எங்கே வைப்பது, யாருக்குத் தெரிவிப்பது என்பதும் வேண்டும். இவற்றில் ஒன்றை மீறினால் அதற்கென்று தனிக் குற்றப்பிரிவு வேண்டும், பண மோசடி என்று சுற்றிவளைத்துப் பிடிக்கும் நிலை இருக்கக் கூடாது.

வரைவு மீது கருத்துச் சொல்லக் கொடுத்த நாட்கள் போதாது, நீட்டியுங்கள். கருத்துக் கேட்கப்படுபவர்களின் பட்டியலில் நிலையம் நடத்துபவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். உலையருகே நிற்கும் தொழிலாளர்களையும், பானையை வாங்கிப்போன குடும்பங்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். நான் வருவேன், அக்காவும் வருவாள்.

கடைசியாக என் புகாரைப் பற்றி. அதைத் திரும்பத் திறக்கச் சொல்லிக் கேட்கிறேன், தண்டிப்பதற்காக இல்லை. அன்று காலை அங்கே எங்களோடு இருந்த மற்ற இரண்டு குடும்பங்கள் யார் என்று பதிவேட்டில் இருக்கும், எங்களுக்கு முன்தினம் வந்தவர்களும் இருப்பார்கள். என்னிடம் அவர்களின் பெயரைச் சொல்ல வேண்டாம். நீங்களே அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள், உங்கள் வீட்டில் இறந்தவருக்கு எலும்பு முறிவுக்காகத் தகடு வைத்திருந்தார்களா என்று. திருகாணியை ஒரு சிறு டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். யாராவது ஆமாம் என்று சொன்னால் எனக்குத் தெரிவியுங்கள், கொண்டுவந்து கொடுக்கிறேன்.